பெயர் சொல்லாத உதாரணம்

போன வாரம் டீச்சரை ஸ்டாஃப் ரூமில், தலைகால் புரியாத சந்தோஷத்தில் விட்டுவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை நடக்கப்போகும் மாதிரி வகுப்பை அவள்தான் எடுக்கப்போகிறாள் என்று ஹெச்.எம். எல்லார் முன்னாலும் அறிவித்திருந்தார். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். சமூக அறிவியலுக்கு அந்தப் பள்ளியில் இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை. கணக்கு மாஸ்டரே எழுந்து வந்து வாழ்த்திவிட்டுப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று வியாழக்கிழமை. காலையில் பள்ளிக்குள் நுழையும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சருக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை. புத்தகத்தில் படித்தால் கொட்டாவி வரும் எந்த விஷயத்தையும் அவள் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவாள். கூட்டணி ஆட்சியா? டிவி ரிமோட்டுக்காக அம்மாவும் பெண்ணும் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொள்வார்கள். உள்நாட்டுக் கலகமா? அப்பாவின் குறட்டை. தன்னாட்சிப் பகுதியா? எப்போதும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும் மகளின் அறை.

"யார் வீடு டீச்சர் அது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"ஏதோ ஒரு வீடு. பேரா முக்கியம்? பாடத்தைப் புடிங்க" என்பாள்.

அது எப்போதும் அவள் வீடுதான். வீட்டில் நடப்பதையெல்லாம் வகுப்பில் கொட்டிவிட்டு, பெயர் சொல்லவில்லையே என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வாள். குறட்டையும் ரிமோட்டும் யாரையும் புண்படுத்தாதவரை அதில் தப்பும் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து முதல் பீரியட். சட்டப்படியான அரசு, நடைமுறையில் இருக்கும் அரசு என்று இரண்டு உண்டு, இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பாடம். நாட்டை விட்டுப் போய்விட்ட அரசர், காகிதத்தில் மட்டும் ஆளும் மந்திரிசபை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. மீதிப் பாதி திறக்கக்கூட மெனக்கெடவில்லை. ரிமோட்டை எடுத்தாள், எடுபடவில்லை. குறட்டையையும் எடுத்தாள், அதை ஏற்கெனவே கேட்டாயிற்று என்றது முதல் பெஞ்ச்.

அப்போதுதான் அவள் வாயில் நாத்தனார் வந்தார்.

நாத்தனார் என்றால் டீச்சரின் கணவருக்கு அக்கா. தன் கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பதாகவும், திரும்பி வரும்வரை தம்பி வீட்டில் இருக்கப்போவதாகவும் சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்தவர். வந்த கையோடு பல் மருத்துவமனை ஒன்றில் ரிசப்ஷன் வேலையும் தேடிக்கொண்டார். சாயங்காலம் வீடு திரும்பியதும் முகம் கழுவி, தலை வாரி, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். "சாப்டீங்களா? அங்க குளிரா? மருந்து மறந்துடாதீங்க." அநேகமாகத் தவறாது. உள்ளே வந்து தம்பியிடம், "உங்க மாமா எல்லாரையும் கேட்டார்டா" என்பார். தம்பிக்கு அன்றைய களைப்பெல்லாம் போய்விடும்.

அவர் வந்த புதிதில் ஒருநாள், காய்ந்த துணியை எடுக்க டீச்சர் பால்கனிப் பக்கம் போனாள். நாத்தனார் திரும்பி நின்று, "ம்... ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காதில் வைத்திருந்த அந்த போன் திடீரென்று மணியடித்தது. யாரோ அப்போதுதான் கூப்பிட்டார்கள்; அதுவரை அதில் யாரும் இல்லை. நாத்தனார் பதறி அதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் காதில் வைத்து, "ஆமாங்க, சொல்லுங்க" என்றார்.

டீச்சர் துணியை எடுக்காமலே திரும்பிவிட்டாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தன் வாய்க்கும் ஒரு பூட்டு உண்டு என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கணவரிடம்கூடச் சொல்லாததைத் திங்கட்கிழமை ஒரு வகுப்புக்கே சொன்னாள். "ஒரு வீட்ல ஒரு அம்மா" என்று ஆரம்பித்தாள். சட்டப்படி அந்த அம்மாவுக்கு ஒரு புருஷன் உண்டு, நடைமுறையில் ஒரு போன்தான் உண்டு என்றாள். கரும்பலகை டஸ்டரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, குரலைக் குழைத்து, "சாப்டீங்களா?" என்றாள். போன் மணியடித்த இடத்தில் வகுப்பு வெடித்துச் சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தன் மேஜையில் குத்திக் குத்திச் சிரித்தான். தூங்கியவர்கள் எழுந்து, "என்ன, என்ன?" என்று கேட்க, அவர்களுக்காக அவள் இன்னொரு முறையும் நடித்துக் காட்டினாள்.

சிரிப்பு ஒரு பொல்லாத சமாச்சாரம். கிடைத்துக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இதோ, வியாழக்கிழமை காலை. ஹெச்.எம். அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த போன் கதை வரணும். திங்கக்கிழமை நான் வராண்டால நின்னு கேட்டேன். கண்ல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். எங்கேர்ந்து புடிக்கிறீங்க இதையெல்லாம்?"

"வேற உதாரணமும் வச்சிருக்கேன் மேடம்..."

"வேண்டவே வேண்டாம். அதேதான். அந்த டஸ்டர் உட்பட."

வெளியே வரும்போது டீச்சருக்கு உள்ளே எங்கேயோ ஒரு முள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் காது மட்டும் பாராட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதே அந்த முள்ளைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மத்தியானம் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் அவள் மேஜைக்கு வந்தாள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பதால் வகுப்பில் எல்லாருக்கும் அவள் "கம்பி". நல்ல பிள்ளை, சொன்ன பாடத்தை வரி விடாமல் ஒப்பிப்பாள்.

"டீச்சர், நேத்து நான் உங்க பாடத்தை நடத்தினேன்."

"அப்படியா? யாருக்கு?"

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன் டீச்சர், கம்பியை டைட் பண்ண. ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டாங்க. அங்க ரிசப்ஷன்ல ஒரு அம்மா இருப்பாங்க, ரொம்ப நல்லவங்க. என்ன படிக்கிறேன்னு கேட்டாங்க. சட்டப்படி, நடைமுறைப்படின்னா புரியலைன்னாங்க. நான் அந்த போன் கதையைச் சொன்னேன்."

டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது.

"முழுசாவா சொன்னே?"

"முழுசா டீச்சர். உங்களை மாதிரியே குரலை மாத்தி. அவங்க சிரிக்கவே இல்லை, ஆனா ரொம்பக் கவனமா கேட்டாங்க. 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த போன் மணி அடிச்ச இடத்தை ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னாங்க. கடைசில உங்க பேரைக் கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன் டீச்சர். 'நல்லாப் பாடம் நடத்தறாங்கம்மா, நல்லாப் படி'ன்னாங்க."

கம்பி, பாராட்டு வரும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தோளைத் தட்டி அனுப்பிவைத்தாள். அந்தக் குழந்தை என்ன தப்பு செய்தது? சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தது.

நேற்று சாயங்காலம் நாத்தனார் தலைவலி என்று சொல்லி நேராகப் படுக்கப் போனது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பால்கனிக்கு அவர் போகவே இல்லை. அதைக் கவனிக்கக்கூட டீச்சருக்கு நேரமில்லை. மாதிரி வகுப்புக்கு எந்தப் புடவை என்று பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பீரியடில் உலக வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். திங்கட்கிழமை இதே சத்தத்துக்காகத்தான் அவள் அத்தனை பாடுபட்டாள். இன்றைக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. கழற்றி நேராக மாட்டுவதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளி விட்டதும் மகள் கேட் அருகே காத்திருந்தாள். அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"அம்மா, நீ ஸ்கூல்ல பெரிய ஸ்டார் ஆயிட்டே. எங்க கிளாஸ் வரைக்கும் உன் போன் கதை வந்துடுச்சு. லஞ்ச்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. இங்க பாரு..." டிபன் பாக்ஸைக் காதில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, "அங்க குளிரா? மருந்து சாப்டீங்களா?" என்றாள் பாப்பா. "எனக்குத்தான் எல்லாரையும் விட நல்லா வருதாம்."

"நிறுத்துடி!"

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா தெருவில் கத்தி அவள் பார்த்ததில்லை.

"எதுக்கு கத்தறே? நீ சொன்னதுதானே?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பாப்பா பின்னாலேயே வந்தாள். டிபன் பாக்ஸ் இன்னும் காதருகே இருந்தது. அது மெல்ல இறங்கியது.

"அம்மா... எனக்கு ஏன் நல்லா வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நான் தினம் கேக்கறேன்ல அதை."

டீச்சர் நின்றாள்.

"நம்ம அத்தையாம்மா?"

"ஆமா."

"அப்போ மாமா போனே பண்றதில்லையா?"

"இல்லை."

"நானும் சிரிச்சேன்மா. நானும் பண்ணிக் காட்டினேன்." பாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "நீ எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள். வீடு வரைக்கும் நாலடி முன்னாலேயே நடந்தாள். பெற்ற பெண் தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. நாத்தனார் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்துட்டியா? டீ போட்டு வச்சிருக்கேன். ஆறிடப்போகுது."

அவர் கத்துவார், அழுவார், பெட்டியைக் கட்டி வைத்திருப்பார் என்று வழியெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள் டீச்சர். டீக்கு அவளிடம் பதில் இல்லை.

"அண்ணி... கம்பி போட்ட ஒரு பொண்ணு..."

"கெட்டிக்காரப் பொண்ணு. ஒரு வரி விடலை." கத்தி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா அது காப்பிதானே? எனக்கு அசல் கேக்கணும். வகுப்புல எப்படிச் சொன்னியோ, அப்படியே சொல்லு."

"அண்ணி, வேண்டாம்."

"ஒரு வகுப்புக்கே சொன்னே. எனக்குச் சொல்ல மாட்டியா?"

டீச்சர் சுவரோரம் நின்று சொல்ல ஆரம்பித்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை போல ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்த்தாள்.

"குரலை மாத்தினியாமே? மாத்திச் சொல்லு."

மாற்றிச் சொன்னாள். குழைந்த அந்தக் குரல் சமையலறையில் எழுந்ததும், அதன் சொந்தக்காரர் எதிரிலேயே நிற்கிறார் என்பது அவளைக் கொன்றது. எத்தனை அச்சாகப் பிடித்து வைத்திருக்கிறோம்! இழுவை, இருமல், இடையில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு, எல்லாமே இருந்தது. அன்பாகக் கேட்டிருந்தால் இத்தனையும் மனதில் தங்கியிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எந்த இடத்துல சிரிச்சாங்க?"

"போன் மணி அடிச்ச இடத்துல."

"ம். அது சிரிப்புதான்." நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தார். "அன்னிக்குப் பாத்தியா நீ? அப்போ ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தினம், 'அண்ணன் என்ன சொன்னார் அண்ணி?'னு கேட்டே. நானும் உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பதில் சொன்னேன். உன்னை ஏமாத்தறோமேன்னு ராத்திரியெல்லாம் மனசு அடிச்சுக்கும். நீ பாட்டுக்கு என்னை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

"வேடிக்கை இல்லை அண்ணி, சத்தியமா. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் கேட்டேன். திங்கக்கிழமை எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சிடுங்க."

"கௌரவத்துக்காகப் பொய் சொல்ற அம்மான்னு சொன்னியாமே."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னாள்தான். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"கௌரவமாவது, ஒண்ணாவது. தினம் பத்துப் பேரு வாயைத் திறந்து காட்டற இடத்துல வேலை பாக்கறேன், எனக்கென்ன கௌரவம்?" நாத்தனாரின் குரல் முதல்முறையாக உடைந்தது. "எனக்கு அந்த வரனைப் பாத்தது உன் புருஷன். அப்பா இல்லாத வீட்ல, அலைஞ்சு திரிஞ்சு, பத்து இடத்துல விசாரிச்சு, 'தங்கமான மனுஷன்க்கா'ன்னு கொண்டுவந்து நிறுத்தினான். அந்தத் தங்கமான மனுஷன் வேற ஒருத்தியோட போயிட்டார்னு அவன்கிட்ட எப்படிம்மா சொல்வேன்? என்னாலதான், என்னாலதான்னு உள்ளுக்குள்ளயே வெந்து போவான். அவனுக்காகத்தான் அந்த போன். அவன் காதுல விழணும்னுதான் பால்கனி."

கணவர் வீட்டில் இல்லாத நாட்களில் நாத்தனார் பால்கனிக்குப் போனதே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. உலகத்தில் உள்ள அத்தனை அரசுகளையும் விளக்கத் தெரிந்தவளுக்கு, ஒரே கூரைக்குக் கீழே நடந்த இது புரியவில்லை. புரியாததை வைத்துப் பாடம் வேறு நடத்தியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

சொன்ன மறுநொடியே கூசிப் போனாள். அண்ணியின் வலியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தான் செய்தது கணவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் முதலில் வந்தது.

நாத்தனார் அவளை நிதானமாகப் பார்த்தார். "என் பயமும் அதேதான். ஆனா அவன் வேலை பாக்கற ரத்தப் பரிசோதனை லேபுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு உன் பசங்களோட அப்பா அம்மா. இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?"

வாசல் கதவு திறந்தது. டீச்சரின் கணவர் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, பேச்சு பலமா இருக்கு? படி ஏறும்போதே 'வகுப்பு, வகுப்பு'ன்னு கேட்டுது."

நாத்தனார்தான் திரும்பிச் சிரித்தார்.

"நாளைக்கு மாதிரி வகுப்பாச்சே, ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தோம்டா."

"அக்காவே எக்சாமினரா? எப்படிச் சொல்றா?"

"நல்லாச் சொல்றா. ஆள் கண் முன்னால நிக்கற மாதிரியே இருக்கு."

கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, "எனக்கும் ஒரு தடவை சொல்லேன். நாளைக்கு என்னாலதான் வர முடியாது" என்றார்.

அவளிடம் உதாரணங்களுக்கா பஞ்சம்? குறட்டையைச் சொல்லலாம், ரிமோட்டைச் சொல்லலாம். அவர் வயிறு வலிக்கச் சிரிப்பார். இன்றைய பொழுது தப்பிவிடும். நாத்தனாரும் வாயைத் திறக்க மாட்டார் என்பது அவளுக்கு நிச்சயம் தெரியும். தன்னை ஒரு வகுப்புக்கே விற்றவளை அவர் இந்த நிமிஷம்கூடக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

"ஒத்திகை இல்லைங்க" என்றாள். "அண்ணியைப் பத்தி வகுப்புல சொன்னேன். அண்ணி மாதிரியே பேசிக் காட்டி, பசங்களைச் சிரிக்க வச்சேன். தப்பு பண்ணிட்டேன்."

கணவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. விளையாடுகிறாள் என்றே நினைத்தார் போல.

"அக்காவைப் பத்தியா? எங்க அக்காகிட்ட சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளினார்.

"உக்காருடா. அதை நான் சொல்றேன்."

டீச்சர் மெல்ல வெளியே நகர்ந்தாள். அக்காவும் தம்பியும் பேசட்டும், அங்கே நிற்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

"நீ எங்க போறே?" என்றார் நாத்தனார். "நீயும் இங்கயே இரு. நான் அழுது எங்கயாவது விட்டுட்டா, நீதான் எடுத்துக் குடுக்கணும். உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமா இருக்கே."